கணமும் கவனமும்

ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்து 60 நாழிகை என்றும், ஒரு நாழிகை 24 நிமிடம் என்றும் முன்னோர் வகுத்த கணக்கு எல்லோருக்கும் பொதுவாயினும், அந்த நாழிகை நீண்டதாகவோ குறுகியதாகவோ தோன்றுவது, அதைக் கடக்கின்ற மனம் எதைப் பற்றி நிற்கிறது என்பதைப் பொறுத்தே அமைகிறது. பிரிந்தவர் திரும்பும் நாளை எண்ணி ஏங்குவோர்க்கு ஒரு நாள் ஏழு மடங்காய் நீள்வதைத் திருக்குறளின் 127ஆம் அதிகாரமும் பேசுகிறது.

உடுமலை வட்டாரத்து உழவர்க்கு இதை நூல் கொண்டு விளக்க வேண்டியதில்லை. திருமூர்த்தி அணையிலிருந்து வாய்க்காலில் வரும் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்ட (பி.ஏ.பி.) தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சுகின்ற அவர்கள், தம் முறைக்காக இரவில் மடையருகே காத்திருக்கும்போது அரை மணி நேரம்கூட நகராமல் கிடப்பதையும், தண்ணீர் வந்து சேர்ந்து, மண்வெட்டியோடு பாத்தி பாத்தியாகத் திருப்பிவிடத் தொடங்கியபின் பொழுது போனதே தெரியாமல் கிழக்கு வெளுத்துவிடுவதையும் நன்கு அறிவர். இருட்டும் வரப்பும் மாறவில்லை. காத்திருந்த மனம் நேரத்தையே பார்த்துக்கொண்டிருந்தது, பாய்ச்சிய மனம் தண்ணீரைப் பார்த்தது.

மனத்தின் கவனத்திற்கு ஓர் எல்லை உண்டு என்றும், கடினமான வேலையில் அதன் பெரும்பகுதி செலவாகிவிட்டால் நேரத்தை அளப்பதற்கு எஞ்சுவது சிறிதே என்றும், அதனால் கடந்த நேரம் குறைவாக மதிப்பிடப்படுகிறது என்றும் இக்கால உளவியலாளர் விளக்குகின்றனர். அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1890இல் வெளியிட்ட தம் உளவியல் நூலில் இன்னொரு பக்கத்தையும் காட்டினார்: பலவகை அனுபவங்கள் நிறைந்த பொழுது கடக்கும்போது குறுகியும், பின்னர் நினைக்கும்போது நீண்டும் தோன்ற, வெறுமையான பொழுது அதற்கு நேர்மாறாகத் தோன்றுகிறது.

யோக மரபு இதனினும் ஆழமாகச் சென்றது. மனத்தை ஓரிடத்தில் நிறுத்துவது தாரணை. நிறுத்திய பொருளிலேயே அது இடையறாது ஓடுவது தியானம். பொருள் மட்டுமே விளங்கி, காண்பவன் என்னும் எண்ணமும் மறைவது சமாதி. இம்மூன்றும் ஒரே பொருளின்மேல் கூடுவது சம்யமம். பதஞ்சலி முனிவர் யோக சூத்திரத்தின் விபூதி பாதத்தில், கணத்தின் மீதும், கணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் வரிசையின் மீதும் சம்யமம் பழகுவோர்க்கு விவேகத்தில் பிறக்கும் ஞானம் கைகூடும் என்கிறார். அதற்கு உரை கண்ட வியாசரின் துணிவு வியக்கத்தக்கது: இரண்டு கணங்கள் ஒருசேர இருப்பதில்லை என்பதால், உண்மையில் உள்ளது நிகழும் கணம் ஒன்றே, முகூர்த்தம், பகல், இரவு என்பனவெல்லாம் கணங்களைத் தொகுத்துப் புத்தி கட்டிக்கொண்டவை. நாளை என்ற சொல்லைக் கேட்டதுமே கலங்குகின்ற நெஞ்சம், தான் கட்டிய ஒன்றைக் கண்டே அஞ்சுகிறது என்பது இவ்வுரையிலிருந்து பெறப்படும்.

உடுமலை மக்களுக்கு நன்கு அறிமுகமான ஆழியாறு அறிவுத் திருக்கோயிலை நிறுவிய வேதாத்திரி மகரிஷி (1911–2006), கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். மனம் இயங்கும் விரைவை மன அலைச்சுழல் என்று குறித்த அவர், புலன்வழி உலகியலில் உழலும்போது அது நொடிக்கு 14 முதல் 40 சுழல் வரை இருக்கும் என்றும், தவம் (தியானம்) முதிர முதிர 13க்குக் கீழே படிப்படியாகத் தாழ்ந்து, 1 முதல் 3 வரையிலான அமைதி நிலையை எட்டும் என்றும் கற்பித்தார்.

இங்கே ஓர் ஐயம் எழுவது இயல்பு. ஒன்றில் ஆழ்ந்த மனத்துக்கு நேரம் தெரியாது என்றால், கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் இரண்டு மணி நேரம் நொடியில் கரைகிறதே, அதுவும் தவமாகுமோ? ஆகாது. நேரம் விரைந்து கழிவது ஒருமைக்கு அடையாளமாகாது. அங்கே கவனம் பிறரால் இழுக்கப்பட்டு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகிறது. எதிலும் நிலைக்காததால் நினைவில் ஒன்றும் தங்காமல், கழிந்த பொழுது கழிந்ததாகவே போகிறது. தவத்திலோ கவனம் தானே விரும்பி ஒன்றில் நிற்கிறது. தொடக்கத்தில் முயற்சியாக இருப்பது பழகப் பழக இயல்பாகி, கணம் கணமாகக் காணும் தெளிவைத் தருகிறது.

ஆகவே, புதிதாகத் தவத்திற்கு அமர்வோர் பத்து நிமிடம் ஒரு மணி நேரமாக நீள்வது கண்டு, தமக்கு இது வராது என்று எழுந்துவிட வேண்டாம். நேரம் நீள்வது, மனம் இன்னும் முடிவையே எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதன் அறிகுறி. முதல் நாள்களில் அது எவர்க்கும் நேர்வதே. கடிகாரத்தைக் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிட்டு, நேரம் முடிந்ததும் அழைக்குமாறு வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு, நாள்தோறும் அதே வேளையில் அமருங்கள்.