போதும் என்று யார் சொல்வது?

சாதாரண தரப் பெறுபேறுகள் வெளியாகும் காலங்களில் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்று கணினி பற்றியது. "சேர், புள்ளைக்கு கம்பியூட்டர் ஒன்னு எடுக்கணும். கம்பெனி செஞ்சது எடுக்கவா, கடையில பொருத்திக் குடுக்கிறது எடுக்கவா?" இதைத் தொழினுட்பக் கேள்வியாக எடுத்துக்கொண்டு பதில் சொல்லிவிடலாம். பலர் அவ்வாறே சொல்கின்றனர். எனக்கு இது ஒழுக்கம் சார்ந்த கேள்வியாகவே படுகிறது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. ஒரு இலட்சம் ரூபாவுக்குக் கணினி வாங்குவதென்று வைத்துக்கொண்டால், 1,350 ரூபாக் கணக்கில் அது 74 நாட்களுக்கு மேற்பட்ட கொழுந்து. அதுவும் அந்நாட்களில் அரிசிக்கும் மாவுக்கும் ஒரு சதமும் எடுக்காமல். பிறருடைய 74 நாட்களைப் பற்றி ஆலோசனை சொல்பவன் சற்று யோசித்துத்தான் வாய் திறக்க வேண்டும்.

1981இல் ஐபிஎம் நிறுவனம் தனது மேசைக் கணினியைப் பெரும்பாலும் வெளியார் செய்த உறுப்புகளைக் கொண்டே அமைத்தது. அதன் நுட்ப விபரங்களையும் வெளியிட்டது. பிறரும் அதே அமைப்பில் செய்யத் தொடங்கினர். அன்று திறந்த வாசல் வழியாகத்தான் இன்று பதுளை நகரின் சிறு கடையொன்றிலும் போர்ட், ரேம், பவர் சப்ளை என்று தனித்தனியே வாங்கிப் பொருத்த முடிகிறது. (பாடநூலில் தாய்ப்பலகை என்று கற்பிக்கிறோம். கடையில் போய் அப்படிக் கேட்ட என் மாணவனை, கடைக்கார நானா ஏற இறங்கப் பார்த்தாராம்.) ஆகவே கம்பெனிக் கணினியும் பொருத்திய கணினிதான். உறுப்புகளைத் தெரிவு செய்தவர் யார், பழுதானால் திறந்து பார்ப்பவர் யார் என்பதில்தான் வேறுபாடு.

ஊவா மலைகளில் இந்த இரண்டாவது விடயம் சிறிதல்ல. மலைப் பனிமூட்டத்தில் ரேமின் பொன்னிறப் பற்கள் மங்கிப்போய்க் கணினி எழும்ப மறுக்கும். அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துப் பூட்டினால் பெரும்பாலும் எழும்பிவிடும். ஆசிரியனின் மேசையில் அழிறப்பருக்குப் பஞ்சமில்லை. ஒக்டோபர், நவம்பர் மாதப் பிற்பகல் மின்னலுக்கு அந்த வைத்தியம் பலிக்காது. பவர் சப்ளையே போய்விடும். சாதாரண வடிவப் பவர் சப்ளையென்றால் பதுளையிலேயே வாங்கலாம். வெளிநாட்டு அலுவலகங்கள் பாவித்துக் கழித்து இங்கு வந்திறங்கும் கம்பெனிக் கணினிகள் பலவற்றிலோ அதற்குத் தனி வடிவம், தனி இணைப்பு. கொழும்புக்குச் சொல்லியனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

எனினும் அக்கணினிகள் மலிவானவை, உறுதியானவை. பொருத்திய கணினியிலோ வெளியே வண்ண விளக்கு எரியும். உள்ளே மட்டமான பவர் சப்ளை இருக்கும். ஈரத் தானியத்தை அடியில் வைத்து உலர்ந்ததை மேலே பரப்பிய வியாபாரியின் செய்தியை நம் வாசகர்கள் அறிவர். உள்ளே பார்க்கத் தெரிந்த ஒருவர் கூட வருவாரானால் பொருத்துங்கள், இல்லையேல் உத்தரவாதம் எழுதிக் கொடுக்கும் கம்பெனிக் கணினியை எடுங்கள் என்பதே நான் சொல்வது. தானே பொருத்தினேன் என்ற பெருமையில் எனக்கு அவ்வளவு மதிப்பில்லை.

அடுத்து வரும் கேள்விதான் கடினமானது: "எத்தன வருசத்துக்கு ஒருக்கா மாத்தணும் சேர்?" சில்லொன்றில் அடங்கும் உறுப்புகள் ஆண்டுதோறும் இரட்டிக்கும் என்று 1965இல் எழுதிய கோர்டன் மூர், 1975இல் அதை இரண்டு ஆண்டுகள் எனத் திருத்தினார். இடையில் 1968இல் இன்டெல் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். அது செய்பவனின் தாளம். கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் உட்காரும் பிள்ளையின் தேவை அந்தத் தாளத்தில் இரட்டிப்பதில்லை. ஆயினும் முழுவதையும் பேராசையென்று தள்ளிவிடவும் முடியாது. 2015இல் வந்த விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. டிபிஎம் 2.0 பாதுகாப்பு இல்லாத கணினிகள், நன்றாக ஓடிக்கொண்டிருக்கையிலேயே, விண்டோஸ் 11க்குத் தகுதியற்றவையாயின. வங்கிக் கணக்குப் பார்ப்பவருக்கு இது உண்மையான ஆபத்து. லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம் என்று நான் சொல்வேன். சொல்லிக் கொடுக்க ஆளில்லாத லயத்தில் அது அரை விடைதான்.

ஹப்புத்தளைக்கு அப்பால் லிப்டன் 1890இல் கட்டிய டம்பதென்ன தொழிற்சாலையைக் காட்டி, பழையதைப் பேணத் தெரிந்த நாடு இது என்று சிலர் பேசுவர். அந்த உவமை நொண்டுகிறது. கொழுந்து அன்றும் கொழுந்துதான். கணினிக்கு வரும் வேலையையோ பிறர் ஆண்டுதோறும் பாரமாக்கிவிடுகின்றனர். லயத்து வீடே எனக்குப் பொருத்தமான உவமையாகத் தோன்றுகிறது. முன்னால் தகரம் இறக்கி ஒரு குசினி, மகளுக்குக் கலியாணம் பேசும்போது பலகையடித்து ஒரு அறை என்று துண்டு துண்டாகக் கூட்டிக்கொள்ளத் தோட்டத்து மக்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. கூட்டலாம், நிலம் மட்டும் தம்முடையதல்ல. கணினியிலும் போர்ட்தான் நிலம். ஹார்ட்டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் பழைய கணினியும் நிமிர்ந்து ஓடும், ரேமையும் கூட்டலாம். ஆனால் டிடிஆர்3 போர்டில் டிடிஆர்4 ரேம் ஏறாது. போர்டை மாற்றினால் முறைவழியாக்கியும் சேர்ந்து மாற வேண்டிவரும். அந்த எல்லைவரை கூட்டுவது சிக்கனம். எல்லையை ஆண்டுக்கொருமுறை தாண்டுவது வீண்விரயம்.

கழித்தது எங்கே போகிறது என்பதை வாங்குகிறவர் நினைப்பதில்லை. பழைய குழாய்த் திரையின் கண்ணாடியில் ஈயம் உண்டு. லயத்துக்குப் பின்னாலுள்ள ஓடையில் எறிந்தால் அது பதுளு ஓயா வழியே மகாவலி வரை போகும். பாடசாலைக்குத் தருமமாக வரும் கணினிகளின் கதை வேறு. மூன்று செத்த கணினிகளைக் கொண்டு ஒன்றை உயிர்ப்பிக்கலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பொருட்பட்டியலில் ஓர் இலக்கம் இருக்கிறது, தொட முடியாது.

இவ்வளவும் சொன்ன பிறகும் ஒரு சங்கடம் மிஞ்சுகிறது. "பழையது போதும்" என்று தோட்டத்து மக்களுக்கு எல்லாரும் சொல்லியே வந்திருக்கிறார்கள். லயம் போதும், ஐந்தாம் வகுப்புப் போதும் என்று சொன்னவர்களும் சிக்கனம் என்றே பேசினர். பசறைப் பக்கத்துத் தகப்பன் ஒருவருக்குப் பாவித்த கணினியொன்றை நான் சிபாரிசு செய்தபோது, "எங்களுக்கு மட்டும் ஏன் சேர் எப்பவும் பழசு?" என்று கேட்டார். கோபமில்லாமல்தான் கேட்டார். போதும் என்பதை ஒருவர் தனக்குச் சொல்லிக்கொண்டால் அது பண்பு. மாதச் சம்பளக்காரன் நாட்சம்பளக்காரருக்குச் சொல்லும்போது அதன் நிறமே வேறாகிவிடுகிறது.

அவர் புதியதே எடுத்தார், தவணைக்கு. நானும் கடைவரை போனேன். ரேமுக்கு ஓரிடம் வெறுமையாக உள்ள போர்டாகப் பார்த்துப் பொருத்தச் சொன்னேன்.