கிரேனுக்குக் கீழே ஓர் அளவைக் கேள்வி

2020 ஆகஸ்ட் 1ஆம் தேதி, விசாகப்பட்டினத்தில் இருக்கும் ஹிந்துஸ்தான் கப்பல் கட்டும் தளத்தில் 70 டன் கிரேன் ஒன்று சரிந்து விழுந்தது. 11 பேர் இறந்தார்கள். அந்த நேரத்தில் அது சரக்கு எதையும் ஏற்றி இறக்கவில்லை. பளுவைத் தாங்குமா என்ற சோதனைதான் நடந்துகொண்டிருந்தது. தாங்கும் என்று அறிந்துகொள்ளப் போன முயற்சியே உயிர்களைக் கொண்டுபோனது. ஒன்றை ‘அறிவேன்’ என்று எப்போது சொல்லலாம் என்பது மடங்களுக்கும் கல்லூரி வகுப்புகளுக்கும் மட்டும் உரிய கேள்வி அல்ல.

தமிழில் இந்தக் கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் எழுதிய சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் சுபக்கம் என்ற பகுதி, இறைவனை நிறுவப் புகுமுன் அறியும் வழியான அளவையைத்தான் பேசுகிறது. காண்டல் (நேரே காண்பது), கருதல் (அனுமானம்), உரை (நம்பத்தக்கவர் சொல்) என அறிவு வரும் வழிகள் மூன்று. பொருள்முதல்வாதிகளான உலகாயதர் முதல் வழியை மட்டுமே ஏற்றார்கள். மணிமேகலையில் அறவண அடிகள் கற்பிக்கும் பௌத்த தருக்கம் முதல் இரண்டோடு நிற்கிறது. கடவுளையும் மறுபிறப்பையும் பற்றிய வாதங்களுக்காகத் தீட்டப்பட்ட இந்தக் கருவிகள் ஓர் உலோகத் துண்டுக்கும் அப்படியே பொருந்துகின்றன.

கிரேனின் கொக்கியைச் சம்மட்டியிலும் பிரஸ்ஸிலும் அடித்து உருவாக்குவார்கள். ஆனால் கிரேன் எந்திரத்துக்குள் இருக்கும் பாகங்கள் பல, ஏதோ ஒரு பவுண்டரியில் வார்த்தவை. வார்க்கும் முறைகளில் ஒன்றான கிராவிட்டி டை காஸ்டிங்கில் அச்சும் உலோகம்தான். சுமார் 700 டிகிரி செல்சியஸில் உருகிய அலுமினியத்தை ஊற்றினால், வெளி அழுத்தம் ஏதுமின்றித் தன் எடையாலேயே அது அச்சை நிரப்பிவிடுகிறது. சிக்கல் இறுகும்போது தொடங்குகிறது. உலோகத்தின் கனஅளவு ஏறக்குறைய 6 சதவீதம் சுருங்கும். அச்சோடு சேர்ந்த ரைசர் என்ற கூடுதல் குழியில் நிற்கும் உலோகம் அந்தக் குறையை நிரப்பாவிட்டால் நடுவே வெற்றிடம் விழும். உருகிய நிலையில் கரைந்திருந்த ஹைட்ரஜன் குமிழியாகப் பிரிந்து உள்ளேயே சிக்கிக்கொள்ளும். இன்னொரு ஆபத்தும் உண்டு. உலோகம் அச்சுக்குள் நொடிக்கு அரை மீட்டருக்கு மேல் வேகமாகப் பாய்ந்தால் மேற்பரப்பின் ஆக்சைடு ஏடு மடிந்து உள்ளே போய்விடும். அந்த மடிப்பு பிறவியிலேயே ஒரு விரிசல் என்று பர்மிங்காம் பேராசிரியர் ஜான் கேம்பல் பல ஆண்டுகள் வலியுறுத்தினார். இத்தனையும் இருக்க, அச்சிலிருந்து வெளியே வரும் வார்ப்பு பளபளவென்றுதான் இருக்கும். காண்டல் அதன் தோலோடு நின்றுவிடுகிறது. எக்ஸ்ரே எடுத்தாலும் கண்ணுக்குத் தெரிவது நிழல். அது வெற்றிடம் என்பது கருதல்.

கருதலின் வலிமைக்கு வட கடலில் ஒரு சான்று இருக்கிறது. 1980 மார்ச் 27 அன்று அலெக்சாண்டர் கீலண்ட் என்ற நார்வே மிதவை மேடை கவிழ்ந்து, அதிலிருந்த 212 பேரில் 123 பேர் மாண்டார்கள். மேடையைத் தாங்கிய ஒரு குழாயில் சிறிய கருவி ஒன்றைப் பொருத்தச் செய்த வெல்டிங்கில்தான் முறிவு தொடங்கியிருந்தது. ஆய்வாளர்கள் விரிசலின் உட்புறத்தில் பெயின்டைக் கண்டார்கள். பெயின்ட் உள்ளே போயிருக்கிறது என்றால், பூசுவதற்கு முன்பே விரிசல் இருந்திருக்க வேண்டும். காரியத்திலிருந்து காரணத்துக்குப் போகும் அனுமானம், ஒரு பிசிறும் இல்லாமல். ஆனால் 123 பேர் போன பிறகு கிடைத்த அறிவு அது.

வருங்காலத்தைப் பற்றிய கருதல் இன்னும் கடினம். 20 டன் தூக்கும் கிரேனை 25 டன் வைத்துச் சோதிப்பது வழக்கம். நேற்று 25 டன்னைத் தாங்கியது நாளை 20 டன்னைத் தாங்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டு என்பதை எல்லா இடத்திலும் போய்ப் பார்த்தவர் யார் என்று உலகாயதர் கேட்டார்கள். 18ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் டேவிட் ஹியூம் ஏறக்குறைய அதையே கேட்டார். இன்றுவரை முழுமையான பதில் இல்லை. அந்தக் கூடுதல் 5 டன், பதில் இல்லை என்பதைப் பொறியாளர்கள் நேர்மையாக ஒப்புக்கொண்டதன் அளவு.

கப்பலின் சரக்கறைத் திறப்பான ஹேட்ச்சுக்குள் நிற்கும் தொழிலாளிக்கோ இந்த இரண்டு வழிகளும் இல்லை. அவர் எக்ஸ்ரே பார்த்தவர் அல்ல, சோதனையில் நின்றவரும் அல்ல. கிரேனின் கையில் எழுதியிருக்கும் பளு அளவும் யாரோ போட்ட கையெழுத்தும்தான் அவருக்கு உண்டு. உரை அளவை ஒன்றை நம்பியே அவர் தலைக்கு மேல் ஆடும் பளுவின் கீழ் நிற்கிறார்.

இந்தியத் தருக்கப் பள்ளியான நியாய தரிசனம் இங்கே மிகவும் கறாரானது. ஆப்தர் சொல்வதே உரை. பொருளை நேராக அறிந்தவர், அறிந்ததை அறிந்தபடி சொல்ல விரும்புபவர், அவரே ஆப்தர் என்கிறார் அதன் உரையாசிரியர் வாத்ஸ்யாயனர். ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் இந்த இலக்கணம் பொது என்றும் சேர்த்துச் சொல்கிறார். குலமோ பதவியோ ஒருவரை ஆப்தராக்காது. சுமை முழுவதும் சொல்பவர் மேல் விழுகிறது. சமயப் பேச்சில் ‘நம்பு’ என்று கேட்பவரை மட்டும் நெருக்குவோர் இதை மறந்துவிடுகிறார்கள். நம்பிக்கை எல்லாமே மூடத்தனம் என்பவர்களும் யாரோ ஒருவரின் கையெழுத்தை நம்பித்தான் லிஃப்டில் ஏறுகிறார்கள். கிரேனைப் பாராமலேயே சான்றிதழில் கையெழுத்திடுபவர் விதியை மட்டும் மீறவில்லை, இன்னொருவர் அறிவதற்கு இருந்த ஒரே வழியை அடைத்துவிடுகிறார். அது பொய்ச்சாட்சி.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1979ஆம் ஆண்டு 152ஆவது உடன்படிக்கை, கப்பலோடு சேர்ந்த கிரேன்களை ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது சோதிக்கவும், கரையிலும் கப்பலிலும் உள்ள கிரேன்களை 12 மாதத்துக்கு ஒருமுறையாவது முழுமையாக ஆராயவும் சொல்கிறது. அந்தப் பதிவுகளைக் கரையிலோ கப்பலிலோ வைத்திருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. கொக்கிக்குக் கீழே வேலை செய்பவர்கள் அந்தப் பதிவைக் கேட்டுப் பார்க்கத் தயங்க வேண்டாம். கேட்பவரை எந்த மேஸ்திரியும் அதட்டவும் வேண்டாம்.