ஏமாற்றமா, ஏமாற்றா?

‘ஏமாந்தேன்’ என்று ஒருவர் நம்மிடம் சொல்லும்போது, அவருக்கு நேர்ந்தது என்ன என்பது அந்தச் சொல்லிலிருந்து மட்டும் தெளிவாவதில்லை. எதிர்பார்த்தது கிட்டாமல் போயிருக்கலாம். அல்லது பிறர் அவரை வஞ்சித்திருக்கலாம். ‘ஏமாற்றம்’ என்னும் சொல் எவரையும் குற்றம் சாட்டுவதில்லை. ‘ஏமாற்று’ என்பதோ ஒரு குற்றவாளியைத் தேடுகிறது. ஆயினும் இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை. ஒருவருடைய ஏமாற்றத்துக்கு மற்றொருவர் எப்போது பொறுப்பாளி ஆகிறார்? அறநெறியாளர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் இவ்வினாவை, சற்றும் தொடர்பில்லாதது போலத் தோன்றும் ஒரு பொருளைக் கொண்டு சிந்திக்க விழைகிறேன். தலையில் அணிந்துகொண்டு வேறோர் உலகைக் காண்பதற்கென விற்கப்படும் மெய்நிகர் காட்சிக் கருவியே அது.

கருவியின் அமைப்பு எளியது. கண்ணுக்கு மிக அருகே ஒரு சிறு திரை. அதனைப் பெரிதாக்கிக் காட்ட ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு வில்லை. தலை எப்பக்கம் திரும்புகிறது என்பதை அளக்கும் உணரிகள். இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட படங்கள் காட்டப்படுவதால், மூளை அவற்றை இணைத்து ஆழமுடைய ஒரே காட்சியாகக் கொள்கிறது. கேட்கும்போது வியப்பாகத்தான் இருக்கிறது. தொடக்க காலத்தில் கடையில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் கண்டது வேறு.

ஜப்பானிய நிறுவனமான நின்டெண்டோ 1995இல் ‘விர்ச்சுவல் பாய்’ என்ற விளையாட்டுக் கருவியை வெளியிட்டது. அமெரிக்காவில் அதன் விலை ஏறத்தாழ 180 டாலர். காட்சி முழுவதும் கறுப்புப் பின்னணியில் சிவப்பு. வேறு நிறமே இல்லை. ஒவ்வொரு கண்ணுக்கும் செங்குத்து வரிசையில் 224 சிவப்பு ஒளி டயோடுகள் இருந்தன. அதிவேகமாக அசையும் ஓர் ஆடி அவற்றின் ஒளியைப் பக்கவாட்டில் பரப்பி முழுப் படமாக்கிற்று. சிவப்பு டயோடு மலிவானது, குறைந்த மின்சாரத்தில் எரிவது. பிரகாசமான நீல டயோடு என்பதே 1993இல்தான் கைகூடியது. ஆகவே சிவப்பைத் தேர்ந்தெடுத்ததைப் பொறியாளரின் நியாயமான முடிவென்றே கொள்ள வேண்டும். ஆனால் அக்கருவியைத் தலையில் அணியவும் இயலாது. இரு கால்கள் கொண்ட தாங்கியில் அது மேசைமேல் நிற்க, விளையாடுபவர் குனிந்து முகத்தை அதில் பதிக்க வேண்டும். தலையைத் திருப்பினால் அந்த உலகின் வேறு பக்கம் தெரியாது; காட்சியே போய்விடும்! கழுத்துவலி, தலைவலி, கண்சோர்வு என்று முறையீடுகள் எழுந்தன. ஏறத்தாழ 7,70,000 கருவிகள் விற்ற நிலையில், ஓராண்டுக்குள்ளாகவே அதன் கதை முடிந்தது.

படம் தரம் குறைந்திருந்ததே காரணம் என்று கூறிவிடலாம். ஆனால் விர்ச்சுவல் பாயை உருவாக்கிய குன்பெய் யோகோய் என்ற அதே பொறியாளரின் தலைமையில், அதே நிறுவனத்திலிருந்து 1989இல் வந்ததுதான் ‘கேம் பாய்’. அதன் திரையிலும் வண்ணங்கள் இல்லை. பச்சைச் சாயலின் நான்கு நிலைகள் மட்டுமே. திரைக்கு உள்ளிருந்து ஒளியும் இல்லை. விளக்கடியில் அமர்ந்தால்தான் படம் தெரியும். போட்டி நிறுவனங்கள் வண்ணத் திரைகளோடு வந்தன. ஆயினும் கேம் பாய், அதன் பின்வந்த வண்ண வடிவத்தையும் சேர்த்து, 11 கோடிக்கும் மேல் விற்பனையானது. அதை வாங்கிய சிறுவன் எங்கும் எடுத்துச் செல்லக்கூடிய ஒரு விளையாட்டை எதிர்பார்த்தான். அது அவனுக்குக் கிடைத்தது. மற்றதை வாங்கியவனுக்கோ அதன் பெயரே வேறொன்றைச் சொல்லியிருந்தது. விலை, விளையாட்டுகளின் எண்ணிக்கை, கழுத்துவலி ஆகியவற்றின் பங்கை நான் மறுக்கவில்லை. எனினும், மங்கிய படம் ஓரிடத்தில் பொறுத்துக்கொள்ளப்பட்டு மற்றோரிடத்தில் வெறுக்கப்பட்டதற்கு, கண்ணைவிட வாக்குறுதியே பெரிய காரணம் என்பது என் துணிபு.

அவ்வாக்குறுதி எது? ‘மெய்நிகர்’ என்று நாம் தமிழாக்கியிருக்கும் சொல்லே இங்கு வழிகாட்டுகிறது. ‘மெய்’ என்றால் உண்மை, உடலும் மெய்தான். 1968இல் அமெரிக்கக் கணினி அறிஞர் ஐவன் சதர்லாண்ட் அமைத்த தலைக்கருவி, கூரையிலிருந்து இறங்கிய கம்பத்தோடு பிணைக்கப்பட்டிருந்தது. அது காட்டியவை வெறும் ஒளிக்கோடுகளால் ஆன உருவங்கள். ஆனால் அணிந்தவர் நகர்ந்தால் அக்கோடுகளும் அதற்கேற்ப மாறின. உருவம் அறையில் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதாகத் தோன்றிற்று. துல்லியமான நிழற்படம் ஒன்று தர முடியாததை, உடலுக்கு மறுமொழி கூறிய அந்த எளிய கோடுகள் தந்தன. தலை திரும்புவதற்கும் காட்சி மாறுவதற்கும் இடையே ஒரு நொடியின் ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் செல்லலாகாது என்பது இத்துறையினர் வகுத்துக்கொண்ட அளவு. மிகவும் தாமதித்தால், கண் தரும் செய்தியும் உட்செவி தரும் செய்தியும் முரண்பட்டு வயிற்றைக் குமட்டுகிறது. ‘விர்ச்சுவல்’ என்று பெயர் சூட்டிக்கொண்ட கருவிக்கு வண்ணத்தைவிட இன்றியமையாதது இந்த மறுமொழி. விர்ச்சுவல் பாயில் இல்லாதது அதுவே.

புனித அகுஸ்தினார் பொய்யைப் பற்றி எழுதியபோது, சொல்லப்பட்டது தவறா என்பதைவிட, சொல்பவரின் உள்ளத்தில் வஞ்சிக்கும் நோக்கம் உண்டா என்பதையே உரைகல்லாகக் கொண்டார். அந்த உரைகல்லில் யோகோயை வைத்து அவரைப் பொய்யர் எனக் கூற எனக்கு எந்த முகாந்திரமும் தெரியவில்லை. பழகித் தேர்ந்த மலிவான நுட்பத்துக்குப் புதிய பயன் காண்பதே அவரது வாழ்நாள் கொள்கை. ஆனால் நோக்கத்தில் மாசில்லை என்பதால் பொறுப்பு தீர்ந்துவிடுமா? கேட்பவர் ஒரு சொல்லை எப்பொருளில் கொள்வார் என்பது விற்பவருக்குத் தெரியும். அப்பொருளைத் திருத்தாமல் அச்சொல்லின் ஆதாயத்தை மட்டும் அவர் பெற்றுக்கொண்டால், வாங்கியவரின் ஏமாற்றம் ஏமாற்றை நெருங்கிவிடுகிறது. வாய்திறந்து பொய் சொல்லப்படவில்லைதான். வாங்குபவரின் கற்பனையே விற்பவருக்குக் கூலியில்லாமல் வேலை செய்திருக்கிறது.

இதற்கு மாறானதொரு நிகழ்ச்சியும் உண்டு. அமெரிக்க இளைஞர் பால்மர் லக்கி தொடங்கிய ஆக்குலஸ் நிறுவனம், 2012 ஆகஸ்டில் இணையத்தின் வழியே பொதுமக்களிடம் 2,50,000 டாலர் கோரியது. ஏறத்தாழ 9,500 பேர் 24 லட்சம் டாலருக்கு மேல் அளித்தனர். 2013 மார்ச்சிலிருந்து அனுப்பப்பட்ட முதற்கருவிக்கு ‘டெவலப்மென்ட் கிட்’ என்று பெயர். அதாவது, மென்பொருள் எழுதுவோர் சோதித்துப் பார்ப்பதற்கான தொகுப்பு. இது முடிவுற்ற பொருளன்று என்பதைப் பெயரே அறிவித்தது.

அதன் படமும் தரம் குறைந்ததே. திரையில் குறுக்காக 1280 புள்ளிகள்; இரண்டாகப் பிரித்தால் ஒரு கண்ணுக்கு 640. கையில் வைத்துப் பார்க்கும் திரைக்கு 1280 போதும். ஆனால் இங்கே அந்த 640 புள்ளிகளும் ஏறத்தாழ 90 பாகை அகலத்துக்கு விரிக்கப்பட்டன. பாகைக்கு ஏழு புள்ளி. நல்ல பார்வையுள்ள மனிதக் கண் பாகைக்கு 60 புள்ளிகள் வரை பிரித்தறியும். எனவே புள்ளிகளுக்கு இடையிலுள்ள இருண்ட இடைவெளிகளும் பெரிதாகி, உலகையே கொசுவலை வழியாகப் பார்ப்பது போலிருந்தது. குறைகூறியோரும் உண்டு. 2010 முதலே அங்குலத்துக்கு 326 புள்ளிகள் கொண்ட ஐபோன் திரைக்கு, விழித்திரையின் பெயராகிய ‘ரெட்டினா’ என்பதையே சூட்டி விற்றிருந்தார்கள். அதில் பழகிய கண், எங்கும் அதே தெளிவை உரிமையாகக் கேட்டது. அந்த ஏமாற்றம் உண்மையானது. ஆனால் அதற்கு ஆக்குலஸைக் குற்றம் சாட்ட இயலுமா? முடிவுறாதது என்று சொல்லித் தரப்பட்டதை முடிவுற்றதாக எண்ணி வாங்கியவர், தம் எதிர்பார்ப்புக்குத் தாமே பொறுப்பேற்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

அவர்கள் கேட்டதும் பெரும்பாலும் புள்ளிகளையே. ஆனால் 2014இல் வந்த இரண்டாம் தொகுப்பில் புள்ளிகளைக் கூட்டியதோடு, வேறொரு மாற்றமும் செய்தார்கள். ஒவ்வொரு படத்தையும் ஒரு நொடியின் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு நேரம் மட்டும் ஒளிரவிட்டு, மீதி நேரம் திரையை இருளில் வைத்தனர். தலை திரும்பும்போது முன்பு ஏற்பட்ட இழுபட்ட மங்கல் அதனால் பெரிதும் நீங்கிற்று. பெரும்பாலான நேரம் ஒன்றையும் காட்டாததால் காட்சி தெளிவடைந்தது என்பது வேடிக்கையல்லவா!

2016 மார்ச்சில் பொதுமக்களுக்கென்றே முடிவுற்ற கருவி வந்தபோது நிலைமை மாறியது. விலை 599 டாலர். கண்ணுக்கு 1080க்கு 1200 புள்ளிகள். நொடிக்கு 90 படங்கள். பாகைக்கு ஏறத்தாழ 12 புள்ளி. வலை மெலிந்ததே தவிர மறையவில்லை. வில்லைகளில் இருந்த வரிவரியான பள்ளங்களால், கறுப்பில் வெள்ளை எழுத்து தோன்றும்போதெல்லாம் ஒளிக்கீற்றுகள் சிதறின. குறைகள் முன்னதைவிடக் குறைவு. ஆனால் ‘சோதனைத் தொகுப்பு’ என்ற பெயரின் நிழலில் இப்போது ஒதுங்க முடியாது. இம்முறை முறையிட்டவர்களுக்கு முன்னவர்களைவிட அதிக உரிமை இருந்தது.

2024இல் ஆப்பிள் நிறுவனம் 3,499 டாலருக்குத் தன் தலைக்கருவியை விற்கத் தொடங்கியது. இரு திரைகளிலுமாக ஏறத்தாழ 2.3 கோடிப் புள்ளிகள். கொசுவலை ஏறக்குறைய மறைந்துவிட்டது. எழுத்துகளைச் சிரமமின்றிப் படிக்க முடிகிறது. விளம்பரத்தில் நிறுவனம் ‘மெய்நிகர்’ என்ற சொல்லைத் தவிர்த்து, ‘இடஞ்சார் கணினி’ என்னும் பெயரையே முன்வைத்தது. அணிந்து பார்த்து எழுதியவர்கள் புள்ளிகளைப் பற்றி அதிகம் குறை கூறவில்லை. அரைக் கிலோவுக்கும் மேற்பட்ட அதன் எடை முகத்தை அழுத்துகிறது என்றும், ஒளி குறைந்த அறையில் எதிரே உள்ளவை கேமரா வழியே மணல் தூவியது போலத் தெரிகின்றன என்றும் எழுதினார்கள்.