எத்தனை பேர் இடம் மாற வேண்டும்?

ஒரு நகரத்தில் இரண்டு பிரிவினர் எந்த அளவுக்கு விலகி வாழ்கிறார்கள் என்பதை ஒரே எண்ணில் சொல்லிவிடலாம். 1955இல் ஓடிஸ் டட்லி டங்கன், பெவர்லி டங்கன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர்கள் பரவலாக்கிய வேறுபாட்டுக் குறியீடு அதைத்தான் செய்கிறது. ஊரைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை சதவீதம் பேர் எந்தப் பகுதியில் இருக்கிறார்கள் என்று பார்த்து, வித்தியாசங்களைக் கூட்டிப் பாதியாக்க வேண்டும். புரோகிராமாக எழுதினால் நாலு வரி. விடை 0 என்றால் முழுக் கலப்பு. 1 என்றால் முழுப் பிரிவினை. 0.6 வந்தால், ஒரு பிரிவில் 60 சதவீதம் பேர் இடம் மாறினால்தான் ஊர் சமமாகக் கலக்கும் என்று பொருள்.

இந்த 'இடம் மாறினால்' என்ற சொல்தான் என்னைத் தொந்தரவு செய்கிறது. அவர்களை யார் நகர்த்துகிறார்கள், அவர்களிடம் கேட்டார்களா என்பது கணக்கில் இல்லை.

நான் வசிக்கும் பெருங்குடியையே எடுத்துக்கொள்வோம். பழைய கிராமம், 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. இங்கே கேட் போட்ட அடுக்குமாடியில் வெளிமாநிலப் பொறியாளர்கள் இருக்கிறார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் தகரக் கொட்டகையில், அடுத்த அடுக்குமாடியைக் கட்டிக்கொண்டிருக்கும் பீகார், ஒடிசா தொழிலாளர்கள். 'உள்ளூர்க்காரர், வந்தவர்' என்று பிரித்தால் இந்த இருவரும் ஒரே பெட்டியில் விழுவார்கள். வார்டை அலகாக வைத்தால் எல்லாரும் கலந்து வாழ்கிறோம். மதிலை அலகாக வைத்தால் யாரும் யாரோடும் இல்லை.

இது வெறும் கணக்குச் சிக்கல் இல்லை. நவீன் பாரதி, தீபக் மல்கன், அந்தாலீப் ரஹ்மான் மூவரும் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களின் 2011 கணக்கெடுப்புத் தரவை வார்டுக்கும் கீழே, சிறிய கணக்கெடுப்புத் தொகுதி அளவில் ஆராய்ந்தார்கள். வார்டு எண்கள் மறைத்த சாதிப் பிரிவினை அங்கே தெரிந்தது. வீட்டு ஓனர் போனில் கேட்கும் "வெஜ்ஜா, நான்-வெஜ்ஜா? சொந்த ஊர் எது சார்?" என்ற கேள்விகள் அதைவிடவும் நுணுக்கமான அளவுகோல்.

பெருங்குடியிலிருந்து அதே ஓஎம்ஆரில் சில கிலோமீட்டர் தெற்கே கண்ணகி நகர். 2000 முதல் குடிசை மாற்று வாரியம் ஆற்றங்கரைகளிலும் சாலையோரங்களிலும் இருந்த குடும்பங்களை அங்கே கொண்டுவந்து வைத்தது. பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். 2015 வெள்ளத்துக்குப் பின் அடையாற்றங்கரைக் குடும்பங்களும் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. இவர்களில் கணிசமானோர் தலித்துகள். நகரெங்கும் சிதறியிருந்தவர்களை அரசே ஓரிடத்தில் குவித்தது.

2011 கணக்கெடுப்பு, இடம்பெயர்ந்த காரணமாக வேலை, வணிகம், கல்வி, திருமணம், பிறந்தபின் வந்தது, குடும்பத்தோடு வந்தது, மற்றவை என்று ஏழு வகைகளைத் தந்தது. எனக்குப் பொருந்துவது 'வேலை'. புல்டோசர் வந்து கிளம்பியவருக்கு 'மற்றவை'தான்.

கலக்க வைப்பதற்காக நகர்த்தினால் சரியாகிவிடுமா? சிங்கப்பூர் அதைச் செய்துபார்த்தது. 1989 முதல் வீவக அடுக்குமாடிகளில் ஒவ்வொரு இனத்துக்கும் உச்ச வரம்பு உண்டு. தனித்தனி இனக் குடியிருப்புகள் உருவாகாமல் தடுப்பது நோக்கம். ஆனால் சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் வீட்டை விற்க நினைக்கும் தமிழர் அதைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்குவோர் குறைந்தால் விலையும் இறங்கும். மிகவும் சிரமப்படுவோரின் வீட்டைத் தானே திரும்ப வாங்கிக்கொள்ள 2022இல் வீவக முன்வந்தது. குறியீடு கேட்ட கலப்பு கிடைத்தது. அதற்கான செலவில் பெரும்பங்கு சிறுபான்மையின் தலையில் விழுந்தது.

அதற்காக அளக்கவே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அளக்காவிட்டால், "இங்க யாரு சார் சாதி பாக்குறா?" என்ற வாக்கியமே தரவாகிவிடும். ஆனால் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு கேள்விகளுக்கும் இடம் வேண்டும். போக விரும்புகிறவரால் போக முடிகிறதா? இருக்க விரும்புகிறவரால் இருக்க முடிகிறதா?

கேட்டுக்குள் இருக்கும் பொறியாளர் ஒதுங்கித்தான் வாழ்கிறார். ஆனால் பிடிக்காவிட்டால் அடுத்த மாதம் வேளச்சேரிக்குப் போய்விடலாம். கொட்டகைத் தொழிலாளி நம்மோடு 'கலந்து' வாழ்கிறார். கட்டடம் முடிந்ததும் கிளம்பியாக வேண்டும். கண்ணகி நகர்க்காரருக்குப் போகவும் வழியில்லை, பழைய இடத்திலேயே இருக்கவும் விடவில்லை. ஒரு பிரிவினை அநீதியா என்று முடிவு செய்ய, குறியீட்டைப் பார்ப்பதற்கு முன் நான் இந்த மூன்றாமவரின் பதிலைத்தான் கேட்பேன்.