பிறவி நடை

கோவளம் தாண்டி மாமல்லபுரம் போகும் வழியில், சவுக்குத் தோப்பை ஒட்டிய மணலில் நான் பழக்கும் இளம் கத்தியவாரிப் பெட்டைக் குதிரைக்குப் பிறவியிலேயே பக்க நடை. இடது முன்காலும் பின்காலும் சேர்ந்து எழும். அடுத்து வலது இரண்டும். ஏறியவருக்குக் குலுக்கலே தெரியாது. ராஜஸ்தானில் இதை ரேவால் என்று கொண்டாடுகிறார்கள். ஆனால் வட்டத்தில் திருப்பினால் கழுத்தைத் தூக்கி, முதுகு விறைத்துத் தடுமாறுகிறது.

"அது பொறந்த புத்திங்க, மாத்துறது பாவம்" என்கிறார் தீனி வைக்கும் செங்கல்பட்டுப் பெரியவர். தட்டிவிடக்கூடிய பேச்சல்ல. பக்க நடைக்கு டிஎம்ஆர்டி3 என்ற மரபணுவின் மாற்றம் வழிவிடுகிறது, அது முதுகுத்தண்டு நரம்புகளில் வேலை செய்கிறது என்று 2012இல் சுவீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். தண்டுவடத்திலேயே எழுதி வந்ததைத் திருத்த நான் யார்?

இந்தக் கேள்விக்குச் சைவ சித்தாந்தத்தில் ஒரு விடை உண்டு. உயிரோடு ஒட்டியே வரும் அறியாமையாகிய ஆணவ மலம் முத்தியிலும் அழிவதில்லை, அதன் சக்திதான் அடங்குகிறது என்கிறது அது. இறைவன் தன்னை மறைத்துக்கொண்டு, மலத்தை அதன் போக்கில் உழலவிட்டே பக்குவப்படுத்துகிறான்; ஐந்தொழிலில் மறைத்தலும் அருளே. அது எப்படி அருளாகும் என்பது கட்டை போட்டுப் பழக்கும்போதுதான் எனக்குப் பிடிபட்டது.

ஈர மணலில் சவுக்குக் கட்டைகளை ஏறக்குறைய நாலடிக்கு ஒன்றாகக் கிடத்தி, கடிவாளத்தைத் தளர்த்திவிடுவேன். பக்க நடையில் வந்தால் குளம்பு கட்டையில் இடிக்கும். சாட்டை இல்லை, அதட்டல் இல்லை. குதிரையே யோசிக்கிறது. தலை தாழ்கிறது, முதுகு எழும்புகிறது, இடது முன்காலோடு வலது பின்கால் கிளம்புகிறது: ட்ராட். சில எட்டு, பிறகு பழையபடி. கேன்டர் என்ற மிதமான பாய்ச்சல் இன்னும் கஷ்டம். மூன்று தட்டாகக் கேட்க வேண்டியது நாலாக உடையும். களைத்தாலும் அவசரப்படுத்தினாலும் பழைய நடை வந்துவிடும், அதனால் சீக்கிரமே இறங்கிவிடுவேன்.

ஆனால் பக்க நடையை நான் மலம் என்று சொல்லமாட்டேன். ஐஸ்லாந்தில் அதை விரும்பியே குதிரை வளர்க்கிறார்கள். நான் கழிக்கப் பார்ப்பது விறைப்பையும் அதனடியில் இருக்கும் பயத்தையும். கடல்மல்லை என்ற இந்த மாமல்லபுரத்தைப் பாடிய திருமங்கையாழ்வார், ஆடல்மா என்ற குதிரையில் ஏறி வழிப்பறிக்குப் போனவர். எட்டெழுத்துத் திருமந்திரம் கேட்டபின் அவருடைய முரட்டு வேகம் பாசுரத்துக்குள் போனதே தவிர அழியவில்லை.

பெரியவரிடம் இதைத்தான் சொன்னேன்: முதுகில் ஏறும் கனம் என்னுடையது, அதைச் சுமக்க வழி காட்டுவது என் கடன். சேணமில்லாமல் அவிழ்த்துவிட்டால் அது பக்க நடையில்தான் ஓடுகிறது, தடுப்பதில்லை. இடக்கை வட்டத்தில் கேன்டர் இன்னும் உடைகிறது. ஐப்பசி மழைக்கு முன் அதைச் சரிசெய்ய வேண்டும்.