கடைசி ஆளின் காற்று

வரும் ஜூலையில் தூத்துக்குடியிலிருந்து கன்னியாகுமரிக்குச் சைக்கிளில் போவதாக நான்கு பேர் முடிவு செய்திருக்கிறோம். கடலோரச் சாலையில் சுமார் 130 கிலோமீட்டர். திருச்செந்தூர், குலசேகரன்பட்டினம், மணப்பாடு, உவரி, கூடங்குளம் என்று ஊர்வரிசை மனப்பாடம். எங்கே தண்ணீர் பிடிப்பது, எங்கே சாப்பிடுவது, ஆளுக்கு எத்தனை டியூப் என்று எல்லாவற்றுக்கும் எக்செல் ஷீட் போட்டுவிட்டேன். அதில் ஒரே ஒரு வரிசை மட்டும் மூன்று வாரமாகக் காலியாக இருக்கிறது. தலைப்பு: ‘முன்னால் யார்?’

சைக்கிள் ஓட்டாதவர்களுக்கு இது ஒரு கேள்வியாகவே தோன்றாது. யாரோ ஒருத்தர் முன்னால போகப் போறாங்க, அவ்வளவுதானே? ஆனால் தென்கோடியில் மே முதல் செப்டம்பர் வரை காற்றுக்காலம். தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருக்கிப் புகுந்து கிழக்கே பாயும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதற்கு அதுதான் காரணம். நாங்கள் போவதோ தென்மேற்கு நோக்கி. அதாவது காற்று ஒன்று நேர் எதிரே வரும், இல்லையென்றால் வலப்பக்கம் முன்னாலிருந்து வரும். காற்றுத் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது. 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு எதிரே 20 கிலோமீட்டர் காற்று அடித்தால் அவர் உடம்பு சந்திப்பது 40 கிலோமீட்டர் காற்றை. தடை இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு.

இதற்குச் சைக்கிள்காரர்களிடம் பழைய மருந்து ஒன்று இருக்கிறது. ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு போவது. ட்ராஃப்டிங் என்பார்கள். முன்னால் போகிறவர் காற்றைக் கிழிக்க, பின்னால் வருகிறவருக்கு மறைப்பு கிடைக்கும். நெருக்கமாக ஒட்டினால் உழைப்பில் கால்வாசிக்குக் குறையாமல் மிச்சமாகும். முறைவைத்து முன்னால் மாறிக்கொள்வதுதான் வழக்கம்.

இரண்டு வருஷம் முன்பு இதே சாலையில், இதே நான்கு பேர், இதே ஜூலையில் போனோம். அப்போது விதியை எழுதியவன் நான்தான். ஆளுக்கு மூன்று கிலோமீட்டர் முன்னால். யாருக்கும் சலுகை இல்லை, யாருக்கும் சுமை இல்லை. எழுதி முடித்தபோது பெருமையாகக்கூட இருந்தது.

எங்களில் மூத்தவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். எங்களைவிட பத்து வயது கூட, உடம்பும் கொஞ்சம் கனம். நாங்கள் எட்டு நிமிஷத்தில் முடிக்கிற மூன்று கிலோமீட்டருக்கு அவருக்குப் பன்னிரண்டு நிமிஷம் ஆனது. அதாவது எங்களைவிட ஒன்றரை மடங்கு நேரம் காற்றில் நின்றார். முறை முடிந்ததும் விலகி, வரிசையின் வாலுக்கு வந்து மறுபடி ஒட்ட வேண்டும். களைத்தவனுக்கு அந்த இடம்தான் ஆபத்து. மணப்பாடு தாண்டி அவர் ஒட்டத் தவறினார். பத்துப் பதினைந்து மீட்டர் இடைவெளி விழுந்துவிட்டால் மறைப்பு ஏறக்குறைய போய்விடும். முன்னால் மூன்று பேர் ஒருவரை ஒருவர் மறைத்துக்கொண்டு போகிறோம். பின்னால், இருப்பவர்களில் பலம் குறைந்தவர், முழுக் காற்றையும் தனியாக வாங்குகிறார். எவருக்கு மறைப்பு அதிகம் தேவையோ அவர் கையிலிருந்துதான் அது முதலில் நழுவுகிறது.

உவரியில் நின்று திரும்பிப் பார்த்தோம். சாலையில் ஆள் இல்லை. ஒரு மணி நேரம் கழித்து வந்தார். கோபப்படவில்லை. சோடா குடித்தார். “நீங்க போங்க தம்பி, நான் வண்டி பிடிச்சு வாறேன்” என்றார். கன்னியாகுமரியில் எடுத்த போட்டோவில் மூன்று பேர்தான் இருக்கிறோம்.

அந்த போட்டோவைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்று உறுத்தும். எந்த விதியும் மீறப்படவில்லை. எல்லாருக்கும் மூன்று கிலோமீட்டர். ஆபீஸில் இதே தப்பை நான் செய்யவே மாட்டேன். பல சர்வர்களுக்கு வேலையைப் பிரிக்கும்போது, திறன் பார்க்காமல் ரவுண்ட் ராபினில் சமமாகத் தள்ளினால் சின்ன சர்வர்தான் முதலில் விழும் என்று ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான். மனிதர்களிடம் வரும்போது மட்டும் சமம் என்ற சொல் நியாயம் என்ற சொல்லின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறது.

சரி, இந்தத் தடவை திறனுக்கு ஏற்றபடி பிரித்துவிடலாம் என்று அண்ணனுக்குப் போன் செய்தேன். “அண்ணே, நீங்க முன்னாடி வரவே வேண்டாம். நாங்க மூணு பேரும் மாத்தி மாத்திப் பாத்துக்கிறோம்.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “அப்ப நான் என்ன லக்கேஜா தம்பி?”

திசையை மாற்றலாம் என்றேன். ரயிலில் கன்னியாகுமரி போய் அங்கிருந்து தூத்துக்குடிக்கு ஓட்டினால் காற்று முதுகுப் பக்கம் வரும். திட்டம் போடுகிற எவரும் முதலில் செய்ய வேண்டியது அதுதான். அதற்கும் மறுத்துவிட்டார். மணப்பாட்டுக்கு அப்புறம் உள்ள சாலைக்கும் அவருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது.

மறுபக்கம், எங்களில் வேகமானவன் கேட்டான்: “ஒரு வருஷமா காலைல நாலரைக்கு எந்திரிச்சு ஓட்டுறேன் மாப்ள. நான் ஏன் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு வரணும்?” இதைச் சுயநலம் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. உழைத்துச் சேர்த்த வேகம் அது. அதை இன்னொருவருக்காகச் செலவழிக்கச் சொல்ல நான் யார்?

இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில்தான் ஒரு விஷயம் புரிந்தது. மறைப்பு கொடுப்பதற்கு முன்னால் போகிறவருக்குச் செலவே இல்லை. பின்னால் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் கிழிக்கிற காற்று அதேதான். சொல்லப்போனால், பின்னால் ஒருவர் ஒட்டி வந்தால் முன்னாலிருப்பவருக்கும் காற்றின் இழுப்பு துளி குறையும். செலவு இருப்பது வேறொன்றில், வேகத்தைக் குறைத்துக் காத்திருப்பதில். நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற உதவிகளில் பாதி முதல் வகை. நம் வேகத்தில் நாம் போகிறோம், முடிந்தவன் ஒட்டிக்கொள்ளட்டும். படிப்பிலும் வேலையிலும் எனக்குப் பின்னால் வந்தவர்களுக்கு நான் செய்தது பெரும்பாலும் இதுதான். ஒட்ட முடியாமல் விட்டவர்களை நான் திரும்பிப் பார்த்ததில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. காற்று வலப்பக்கம் முன்னாலிருந்து அடிக்கும்போது மறைப்பு நேர் பின்னால் விழாது, இடப்பக்கம் சாய்ந்து விழும். அதனால் முன்னால் போகிறவர் சாலையின் நடுப்பக்கம் போக வேண்டும், மற்றவர்கள் இடப்பக்கமாகச் சாய்ந்த வரிசையில் வர வேண்டும். பஸ்ஸும் லாரியும் ஓடுகிற சாலையில் அதற்கு எவ்வளவு இடம் இருக்கும்? இரண்டு பேர் வசதியாக. மூன்றாமவர் வெள்ளைக்கோட்டில். நான்காமவர் மணலில். எல்லாருக்கும் நல்ல மனசு இருந்தாலும் சாலையின் அகலம் ஒருவரை வெளியே தள்ளிவிடும். அந்த ஒருவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

பந்தயக்காரர்கள் இதற்கு ஒன்று செய்வார்கள். முதல் வரிசையில் இடம் தீர்ந்துவிட்டால் பின்னால் இரண்டாவது வரிசை ஒன்றைத் தொடங்குவார்கள். நாங்களும் அப்படியே இரண்டு ஜோடியாகப் பிரிவது என்று இப்போது எழுதியிருக்கிறேன். வேகமானவனும் இன்னொருவனும் ஒரு ஜோடி. அவர்கள் வேகம் அவர்களுடையது. ஒவ்வொரு ஊரிலும் நின்று காத்திருப்பார்கள், அதற்கு அவன் சம்மதித்துவிட்டான். நானும் அண்ணனும் இன்னொரு ஜோடி. எங்கள் வேகம் அவருடையது. அவரும் முறைவைத்து முன்னால் வருவார், எவ்வளவு தூரம் என்பதை அவரே சொல்வார். இதைச் சொன்னபோது சிரித்தார். “என் முதுகு அகலத்துக்கு உனக்குக் காத்தே படாது தம்பி.” உண்மைதான். எங்கள் நால்வரில் நல்ல மறைப்பு அவர் முதுகுதான். போன தடவை அதற்குப் பின்னால் ஒரு மூன்று கிலோமீட்டர் ஒதுங்கியிருந்த நினைவு எனக்கே இப்போதுதான் வருகிறது.

காலியாக இருந்த வரிசை நிரம்பிவிட்டது. ஆனால் ஷீட்டில் எழுத முடியாதது ஒன்று மிச்சம் இருக்கிறது. கூடங்குளம் தாண்டி, என் காலில் இன்னும் தெம்பு இருந்து அவர் காலில் இல்லாமல் போகும்போது, வெயில் ஏறி, காற்று காதில் இரைந்துகொண்டிருக்கும்போது, பின்னால் அவருடைய செயின் சத்தம் கேட்கிறதா என்று நான் கவனித்துக்கொண்டிருப்பேனா? போன தடவையும் கவனித்திருக்கலாம். காற்றில் கேட்கவில்லை என்று இதுவரை எனக்கு நானே சொல்லிவந்திருக்கிறேன்.