உறையும் கொல்லனும்

கைபேசிக்கு உறை போடலாமா கூடாதா என்பது பற்றி எழுதப்போகிறேன் என்றதும் நண்பர்கள் சிரித்தார்கள். கவிதையின் நெருக்கடி பற்றி எழுத வேண்டிய பக்கங்களில் கடைத்தெருச் சமாச்சாரம் எதற்கு என்பது அந்தச் சிரிப்பின் பொருள். ஒரு காலத்தின் அறத்தை அது உச்சரிக்கும் பெரிய வார்த்தைகளில் தேடுவதைவிட, அது எதைப் பொத்தி வைக்கிறது, எதைத் திறந்து போடுகிறது என்பதில் தேடுவது எனக்குச் சரியாகப் படுகிறது.

சர்ச்சை தொடங்கிய இடம் அத்திப்பட்டு புதுநகர் ரயில் நிலையம். கும்மிடிப்பூண்டி வண்டிக்காக நானும் ஒரு கவிஞரும் காத்திருந்தோம். நான் என் கைபேசியின் உறையைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். இந்தப் பகுதியில் புழங்குகிறவர்களுக்கு இது ஒரு தினசரிச் சடங்கு. 1994இல் தொடங்கிய வடசென்னை அனல் மின் நிலையத்தின் முதல் கட்டம் 630 மெகாவாட். அதன் இரண்டாம் கட்டம் 1,200. பக்கத்தில் வல்லூர் 1,500. எரிந்த நிலக்கரியின் மிச்சம் மாடியில் காயும் துணி, சோற்றுப் பானையின் மூடி, முருங்கை இலை என்று எல்லாவற்றின் மேலும் வந்து உட்காருகிறது. உறைக்கும் கைபேசிக்கும் இடையிலும் அது புகுந்துகொள்கிறது. சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காவும் அலுமினாவும். அவை இரண்டும் சேர்ந்து உறைக்குள்ளிருந்தபடியே கைபேசியின் முதுகை மெல்ல அராவுகின்றன. கீறல் விழாமலிருக்கப் போட்ட உறையே கீறலைப் பத்திரமாக உள்ளே வைத்துக் காக்கிறது.

கவிஞர் பார்த்துக்கொண்டேயிருந்தார். பிறகு சொன்னார்: “பத்து மாசத் தவணையில வாங்கியிருக்கீங்க. கடைக்காரன் ரப்பர் சட்டையை மாட்டிக் கொடுத்தான். வாங்கின பொருளை இன்னிக்கு வரைக்கும் நீங்க தொட்டதே கிடையாது.”

அவருடைய கைபேசியில் உறை இல்லை. ஒரு மூலையில் கண்ணாடி நட்சத்திரமாக விரிந்திருந்தது.

2

அவருடைய வாதத்தை அதன் முழு பலத்தோடு சொல்லிவிட வேண்டும். உறை என்பது பயத்தின் வடிவம். பொருளோடு உறவு கொள்வது என்றால் அது தேய்வதைச் சம்மதிப்பது; தேயாத பொருள் நம்முடையதல்ல, அடுத்து வாங்கப்போகிறவனுடையது. கீறல் இல்லாமல் வைத்திருந்து மூன்றாம் வருஷம் எக்ஸ்சேஞ்சில் கொடுக்கிறவன் மூன்று வருஷமும் தன் பொருளுக்குக் காவல்காரனாக இருந்திருக்கிறான்.

சாட்சிக்கு அவர் செகாவை அழைத்தார். 1898இல் செகாவ் எழுதிய ‘உறையிலிட்ட மனிதன்’ கதையின் பெலிகோவ், கிரேக்க மொழி ஆசிரியன். வெயில் அடிக்கிற நாளிலும் மழைச்செருப்பும் குடையுமாகப் போகிறவன். குடைக்கு உறை, கடிகாரத்துக்கு உறை, பேனாக்கத்திக்கு உறை. ஒன்றைத் தடை செய்யும் சுற்றறிக்கை மட்டும்தான் அவனுக்குத் தெளிவாகப் புரியும். கடைசியில் சவப்பெட்டியில் கிடக்கும்போது, இனி வெளியே வரவே வேண்டாத ஓர் உறை கிடைத்துவிட்ட திருப்தி அவன் முகத்தில் தெரிகிறது.

நம் பக்கத்துச் சாட்சி இன்னும் பழையது. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவை பாடியதாகச் சொல்லப்படும் புறநானூற்றின் 95ஆம் பாட்டு. தொண்டைமானின் ஆயுதங்கள் மயில்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பட்டு, காவலுள்ள மாளிகையில் அழகாக இருக்கின்றன. அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. புகழ்வதுபோல் இகழ்வதற்கு இதைவிடக் கூர்மையான உதாரணம் தமிழில் அதிகம் இல்லை. கவிஞரின் கைபேசியில் இருந்த உடைந்த மூலைக்கு இப்படி இரண்டாயிரம் வருஷத்துப் பரம்பரை கிடைத்துவிட்டது. வண்டியும் வந்துவிட்டது.

3

வண்டியில் எனக்குப் பதில் தோன்றவில்லை. நாலைந்து நாள் கழித்துத்தான் அந்தப் பாட்டில் நாங்கள் இருவருமே கவனிக்காமல் விட்ட ஒரு ஆள் இருப்பது உறைத்தது. கொல்லன்.

முறிந்த வேலுக்கு ஒரு பட்டறை இருக்கிறது. அங்கே உலை இருக்கிறது, ஆள் இருக்கிறான், நாளைக்கு அது மறுபடி வேலாகும். அதியமானின் அலட்சியம் கம்பீரமாக இருப்பதற்கு அவன் வீரம் மட்டும் காரணமல்ல. கொல்லன் இருக்கிறான் என்ற உறுதியும் காரணம். கொல்லன் இல்லாத ஊரில் வேலை முறிக்கிறவன் வீரனல்ல, வெறுங்கையன்.

பழைய பொருட்களுக்கும் உறை இருந்ததே என்று கேட்கலாம். டிரான்சிஸ்டருக்குப் பழுப்புத் தோலுறை இருந்தது. ஒலி வருவதற்கு முன்பக்கம் துளைகள் இருக்கும். ஆனால் தோலுறைக்குள் இருந்த வானொலியின் முதுகை நாலு திருகாணிகளைக் கழற்றித் திறக்கலாம். தெருமுனையில் பற்றவைப்புக் கோலோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். பள்ளிப் புத்தகத்துக்குப் பழுப்புக் காகித அட்டை போட்டோம். பாதி விலைக்கு அடுத்த வருஷத்துப் பையனுக்குப் போக வேண்டிய புத்தகம் அது. அந்த அட்டையில் பயம் இல்லை; முகம் தெரியாத ஒரு பையனுக்கான மரியாதை இருந்தது.

கைபேசிக்கும் அப்படி ஒரு காலம் இருந்தது. 2003இல் வந்த நோக்கியா 1100க்கு யாரும் உறை தேடி அலைந்ததாக நினைவில்லை. பொத்தான்களின் மேல் தூசி புகாத ரப்பர் விரிப்பு, வழுக்காத பக்கங்கள். கீழே விழுந்தால் மூடி ஒரு பக்கம், பாட்டரி ஒரு பக்கம், உடல் ஒரு பக்கமாகச் சிதறும். பொறுக்கி மாட்டினால் பேசும். சிதறுவதே அது பிழைத்திருந்த முறை. உலகமெங்கும் 25 கோடிக்கு மேல் விற்றது. அதில் உறை என்பது பொருளின் உடம்பாகவே இருந்தது. அதன் பிறகு நடந்தது, உடம்பிலிருந்து உறுதியை உருவி எடுத்து, மெலிவு என்று அதற்கு ஒரு அழகுப் பெயர் சூட்டி, உருவிய உறுதியை நடைபாதையில் நூற்றைம்பது ரூபாய்க்குத் தனியாக விற்றது.

2010இல் வந்த ஐபோன் 4 முன்னும் பின்னும் கண்ணாடி. விளிம்பில் ஓடிய உலோகப் பட்டையே அதன் ஆன்டெனா. இடது கையால் இயல்பாகப் பிடித்தால் உள்ளங்கை அந்தப் பட்டையின் இடைவெளியை மூடி, சிக்னல் இறங்கியது. புகார் எழுதிய ஒருவருக்கு ஸ்டீவ் ஜாப்ஸ் அனுப்பிய பதிலின் சாரம், அப்படிப் பிடிக்காதீர்கள் என்பது. பிறகு அந்த ஜூலையில் பத்திரிகையாளர்களைக் கூட்டி, வாங்கியவர்களுக்கெல்லாம் இலவசமாக ஒரு உறை தருவதாக அறிவித்தார். கையில் பிடிப்பதற்கென்றே செய்த பொருளுக்குக் கை ஒத்துவரவில்லை. பொருளைத் திருத்துவதற்கு முன்பே கைக்கும் அதற்கும் நடுவே ஒரு ரப்பர் வளையம் வந்துவிட்டது.

உறையின் முழுத் தத்துவமும் இதில் இருக்கிறது. நழுவவிட்டது உன் கை, கீறியது உன் சாவி, எனவே காப்பது உன் பொறுப்பு என்று அது சொல்கிறது. ஒட்டுப்பசையால் உள்ளே சிறைவைக்கப்பட்ட பாட்டரி சில நூறு முறை மின்னேற்றிய பிறகு தளர்ந்துபோகும் என்பதையோ, செய்தவனே சில வருஷங்களில் மென்பொருள் தருவதை நிறுத்திவிடுவான் என்பதையோ அது சொல்வதில்லை. உள்ளேயே நாள் குறிக்கப்பட்ட ஒரு ஜீவனுக்கு வெளியே சட்டை போட்டுக் காக்கிறோம். கொல்லனை இழந்த ஒரு காலம் அந்த இழப்பை நம் கவனக்குறைவாக மாற்றிக் காட்டுகிறது.

4

இதோடு நிறுத்தியிருந்தால் இது கம்பெனிகளைத் திட்டும் இன்னொரு கட்டுரையாக முடிந்திருக்கும். எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். நிறுத்தவிடாதது நான் வேலை பார்க்கும் கிளையில் நடந்த ஒன்று.

ஆற்றில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கையாலேயே துழாவி இறால் பிடிக்கிற ஒரு அம்மாள், கணக்கு விவரத்தைப் புதுப்பிக்க வந்திருந்தார். ஆதார் விரல்பதிவு எந்திரத்தில் விரல் வைக்க வேண்டும். வைத்தார். ஏற்கவில்லை. வேறு விரல். ஏற்கவில்லை. “கையை நல்லாத் துடைச்சுட்டு அழுத்தி வைங்கம்மா” என்றேன். முந்தானையில் துடைத்துக்கொண்டு பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். பிறகு அந்த எந்திரத்துக்காக மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார்: “வெரல் தேஞ்சு போச்சு சார்.”

கருவிழியால் பதிவு செய்யும் கருவியும் உண்டு. எங்கள் மேஜையில் அது இல்லை. இன்னொரு நாள் வரச் சொன்னேன். போகும் முன் மகனுக்குப் பேச, மடியிலிருந்து கைபேசியை எடுத்தார். முதலில் ஒரு பாலிதீன் பை, அதற்குள் ஒரு கவர், கவருக்குள் கைபேசி, அதன் முகத்தில் டெம்பர் கிளாஸ். கவருக்கும் முதுகுக்கும் நடுவே மடித்த இருபது ரூபாய் நோட்டு ஒன்று, பேத்தியின் பாஸ்போர்ட் அளவுப் போட்டோ ஒன்று. அந்தக் கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. அதைத் தொட்ட விரல்களில் ஒரு ரேகை இல்லை.

மாலையில்தான் புரிந்தது. அப்படிப் பிடிக்காதீர்கள் என்ற பதிலைக் கேலி செய்துகொண்டிருந்த நான், கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அதே வாக்கியத்தைத் தமிழில் சொல்லியிருந்தேன். எந்திரம் சரி, கைதான் தப்பு.

கவிஞரின் வாதம் இந்த அம்மாளிடம் செல்லாது. உறையைக் கழற்று, பொருள் உன்னோடு தேயட்டும் என்று அவரிடம் யார் சொல்ல முடியும்? தேய்வதன் அழகு, மறுபடி வாங்க முடிகிறவனின் ரஸனை. அவருடைய உறையில் பெலிகோவின் பயமும் இல்லை, எக்ஸ்சேஞ்சுக் கணக்கும் இல்லை. ஆனால் என் முந்தைய வாதமும் அவருக்குப் போதவில்லை. கைபேசிக்குக் கொல்லன் இல்லை என்று வருந்தினேன். விரல் ரேகைக்கு எந்தக் காலத்தில் கொல்லன் இருந்தான்?

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் கலந்து வந்து எண்ணூர்க் கழிமுகத்தை மூடியது. கொசஸ்தலையாற்றில் படகுகள் கறுத்தன. கூழைக்கடாக்களின் இறகுகள் ஒட்டிக்கொண்டன. முதல் நாட்களில் அந்த எண்ணெயை அள்ளியவர்கள் மீனவர்கள். குவளையாலும் வாளியாலும், பலர் கையுறைகூட இல்லாமல் வெறுங்கையால் அள்ளினார்கள். அந்தப் படங்களை நான் கைபேசியில்தான் பார்த்தேன். என் கட்டைவிரல் தள்ளத் தள்ள, டெம்பர் கிளாஸுக்கு அடியில் அந்தக் கைகள் நகர்ந்துபோயின. பிளந்த கண்ணாடியைத் தவணையிலாவது மாற்றிக்கொள்ளலாம். அந்தத் தோலை, ஆற்றின் அந்தச் சேற்றை, சாம்பல் புகுந்த நுரையீரலை எங்கே கொண்டுபோய் மாற்றுவது?

5

ஆகவே எனக்கு ஒரு எளிய விதி கிடைத்தது. திருத்த முடிவது திறந்திருக்கட்டும். திருத்த முடியாததற்கு உறை வேண்டும். இந்த விதியின்படி வேல் திறந்து கிடக்கலாம். செருப்பு, சைக்கிள், நோக்கியா 1100 எல்லாம் திறந்து கிடக்கலாம். கைக்குக் கையுறையும் மூச்சுக்கு முகமூடியும் வேண்டும். ஆற்றுக்கு உறை போட முடியாது என்பதால் எண்ணெய்க்கும் சாம்பலுக்கும் போட வேண்டும். நம் காலம் இந்த விதியை அப்படியே தலைகீழாக நடத்துகிறது. மாற்றக்கூடியதைப் பொத்திக்கொண்டு, மாற்ற முடியாததைத் திறந்து போட்டிருக்கிறது. நூற்றைம்பது ரூபாயில் தெருவுக்குத் தெரு கிடைக்கிற பாதுகாப்பு, ஒரு ஜோடி கையுறையாக ஆற்றங்கரைக்கு நேரத்தில் வந்து சேரவில்லை.

இதையெல்லாம் கவிஞரிடம் சொன்னேன். “அப்ப உறையைக் கழற்றிடுவீங்களா?” என்றார்.

செகாவின் கதையில் நாங்கள் அன்று பேசாமல் விட்ட ஒரு பகுதி உண்டு. பெலிகோவைப் புதைத்துவிட்டுத் திரும்புகிற ஊர் உள்ளூர மகிழ்கிறது. ஒரு வாரம்கூட ஆவதில்லை, வாழ்க்கை பழையபடியே நடக்கத் தொடங்கிவிடுகிறது. செகாவுக்குத் தெரிந்திருக்கிறது: ஒரு உறையைக் கழற்றி எறிவதால் விடுதலை வருவதில்லை. என் கைபேசியை நிர்வாணமாக்கினால் எந்தக் கைக்கும் கையுறை கிடைத்துவிடாது. எனக்கு மட்டும் ஒரு தோரணை கிடைக்கும்.

கழற்றவில்லை. தினமும் மாலை உறையைக் கழற்றி, சாம்பலைத் துடைத்து, மறுபடி மாட்டிக்கொள்கிறேன். துடைக்கிறபோது இந்தச் சாம்பல் இன்று வேறு எங்கெல்லாம் போய் உட்கார்ந்திருக்கும் என்று எண்ணிப்பார்க்கிறேன். அந்த அம்மாள் இன்னும் திரும்பி வரவில்லை. கருவிழிப் பதிவுக் கருவி கேட்டு மேலே எழுதியிருக்கிறேன். அதற்கும் பதில் வரவில்லை. அவர் வந்தால் கையைத் துடைக்கச் சொல்லக் கூடாது என்று மட்டும் தீர்மானித்திருக்கிறேன். ஒரு கட்டுரைக்கு இது சின்ன முடிவுதான். கவுண்டரில் அதைக் காப்பாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்பது வரிசை நீளும்போதுதான் தெரியும்.